மதகின் மேல் ராஜாவின் மரம்

காலையில் எழுந்ததும் முதல் வேலை நெருப்பு. சாம்பலை விலக்கிக் கங்குகளை வெளியே எடுப்பேன். பைன் சிம்புகளை அடுக்கி ஊதுவேன். வாளித் தண்ணீர் மேலே உறைந்திருக்கும். அதைக் கரண்டிக் காம்பால் உடைத்து, கெட்டிலை நிரப்பிக் கொக்கியில் மாட்டுவேன். பிறகு கொட்டகைக்குப் போய் எருதுகள் இரண்டுக்கும் காய்ந்த புல் போடுவேன். மாமியார் பசுவைக் கறந்துகொண்டிருப்பார். "எழுந்தாச்சா வாத்தியாரே" என்பார். "ஆச்சு அத்தை" என்பேன். உள்ளே வந்து மக்காச்சோளக் கூழைக் கிண்டுவேன். மாமனார் அதில் கரும்புப்பாகு ஊற்றிச் சாப்பிடுவார். நான் பால் ஊற்றிச் சாப்பிடுவேன். எட்டு மணிக்குப் பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டும்.

என் மனைவி இறந்து மூன்று வருடமாகிறது. நான் இன்னும் அவளைப் பெற்றவர்களின் வீட்டில்தான் இருக்கிறேன். யாரும் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை.

நான் கடற்கரைப் பக்கத்துக்காரன். அங்கே உள்ள கேம்பிரிட்ஜ் கல்லூரியில் நான்கு வருடம் லத்தீனும் தர்க்கமும் படித்தேன். ஒரு குளிர்காலம் மட்டும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்று நியூ ஹாம்ப்ஷரின் இந்த மலைப்பக்க ஊருக்கு வந்தேன். வாத்தியார் எந்த வீட்டில் தங்குவது என்று ஊர் சீட்டுக் குலுக்கியது. எனோக்கின் வீடு விழுந்தது. எனோக்குக்கு ஓடைமேல் மரம் அறுக்கும் ஆலை. அவருக்கு ஒரே மகள், மெஹிட்டபெல். ஹிட்டி என்று கூப்பிடுவார்கள். வசந்தம் வந்தும் நான் திரும்பிப் போகவில்லை. அடுத்த இலையுதிர்காலத்தில் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

அந்த வீட்டில் எனக்குப் பெயரே கிடையாது. மாமனார், மாமியார், ஹிட்டி மூவருக்கும் நான் வாத்தியார்தான். ஹிட்டி அந்த ஒரு சொல்லைப் பல விதமாகச் சொல்வாள். கோபமாக இருக்கிறாளா, கேலி செய்கிறாளா, பக்கத்தில் வரச் சொல்கிறாளா என்பது அந்த விதத்தில் தெரியும்.

ஆலைக்கு வருடத்தில் ஆறு வாரம்தான் உயிர். மார்ச் கடைசியில் மலையில் பனி உருகும். ஓடை பெருகும். அணையில் தேங்கிய தண்ணீர் மதகு வழியே சக்கரத்தில் விழும். சக்கரம் சுற்றினால் ரம்பம் மேலும் கீழும் ஓடும். மே மாதம் தண்ணீர் வற்றிவிடும். பக்கத்து நிலத்துக்காரர்கள் குளிர்காலம் முழுக்கச் சறுக்கு வண்டியில் மரங்களைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் குவித்துவிட்டு அந்த ஆறு வாரத்துக்காகக் காத்திருப்பார்கள். எங்கள் வீட்டு ரொட்டி, உப்புப் பன்றிக்கறி, மொச்சை எல்லாமே அந்த ஆறு வாரத்தில் அறுத்ததுதான்.

அணைக்கு மேல்புறக் கரையில் ஒரு வெள்ளைப் பைன் நின்றது. மாமாவின் நிலம், ராஜாவின் மரம். ஹிட்டிக்கு ஐந்து வயதாக இருந்தபோது ராஜாவுக்காக மரங்களை அளந்து குறி போடும் அதிகாரி, நாங்கள் மரத்துரை என்போம், ஒருவர் வந்து அதன் அடியில் கோடாலியால் மூன்று வெட்டு வெட்டிவிட்டுப் போனார். காக்கைக் கால் மாதிரி இருக்கும். அந்தக் குறி போட்ட மரம், லண்டனில் இருந்து எங்களை ஆளும் ராஜாவின் கப்பலுக்குப் பாய்மரம். குறி போடாவிட்டாலும், ஓரடிக்கு மேல் குறுக்களவுள்ள எந்த வெள்ளைப் பைனையும் அனுமதியில்லாமல் தொடக்கூடாது. குறி போட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. பதினெட்டு வருடம் மரம் வளர்ந்துகொண்டிருந்தது.

நவம்பரில் ஒரு பெருங்காற்றில் அது விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தோம். வேர் இந்தக் கரையில், உச்சி அந்தக் கரையில். நடுமரம் மதகின் மேல் சாய்ந்து, கதவைத் திறக்க முடியாமல் அழுத்திக்கொண்டு கிடந்தது.

மாமா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"ராஜாவோட கப்பல் வருதுப்பா" என்றாள் ஹிட்டி. "பாய்மரத்த மட்டும் முன்னாடி அனுப்பி வச்சிருக்காரு."

"வாயப் பாரு. போய்க் கோடாலி ரெண்டையும் எடுத்துட்டு வா. சாயங்காலத்துக்குள்ள மூணு துண்டாப் போட்டுரலாம்."

"மாமா, அது குறி போட்ட மரம்" என்றேன்.

"தெரியும் வாத்தியாரே. நான்தான் தெனமும் பாக்கறேனே. நின்னப்ப ராஜாவோடது. இப்பத்தான் விழுந்துருச்சே."

"சட்டத்துல நின்னது விழுந்ததுன்னு இல்ல மாமா. எதுவா இருந்தாலும் கேட்டுத்தான் தொடணும்."

"யார்கிட்ட கேக்கறது?"

"துறைமுகப் பட்டணத்துல அதுக்குன்னு அலுவலகம் இருக்கு. நான் ஒரு கடிதம் எழுதறேன். ரெண்டு வாரத்துல பதில் வந்துரும்."

மாமா என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். அதற்கு முந்தின வருடம் ஓடையின் கீழ்ப்பக்கத்து ஆலைக்காரர் ஒருவர் கேட்காமல் அறுத்து, முற்றத்தில் கிடந்த அத்தனை மரத்தையும் பறிகொடுத்திருந்தார். அதுவும் அவருக்கு நினைவு வந்திருக்கும். ஆனால் அவர் வெட்டாமல் நின்றது அதனால் இல்லை. மாமாவுக்குத் தன் பெயரை எழுத மட்டும்தான் தெரியும். லத்தீன் படித்தவன் தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து கூழ் குடிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். படித்தவன் எழுதினால் படித்தவன் பதில் சொல்வான் என்று நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த தவறு அது.

"எழுது அப்ப" என்றார். "நல்லாவே எழுது. மரியாதை குறையக்கூடாது."

நன்றாகவே எழுதினேன். ஹிட்டி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"'தங்கள் மிகப் பணிவும் கீழ்ப்படிதலும் உள்ள ஊழியன்'. யாரு இந்த ஆளு வாத்தியாரே? நான் இவரப் பாத்ததே இல்லையே. வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க, விறகு ஒடைக்கச் சொல்லலாம்."

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. மரத்தின் குறுக்களவை ஒரு நீதிபதி முன்னால் உறுதிசெய்து அனுப்ப வேண்டும். நீதிபதி இருந்தது இருபது மைல் தள்ளி. பனியில் போய் வந்தேன். அடுத்த பதில், மரம் நல்ல நிலையில் இருக்கிறதா உளுத்துவிட்டதா என்று கேட்டது. நல்ல நிலை என்று எழுதினேன். அப்படியானால் அது பாய்மரத்துக்கு ஆகுமா என்று ஒருவர் வந்து பார்க்க வேண்டும், அவர் இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறார், வரும்வரை மரத்தைத் தொடக்கூடாது என்று மூன்றாவது பதில். நான்காவது கடிதம் பிப்ரவரியில் வந்தது. மாமியார் உலர்ந்த ஆப்பிள் வளையங்களைச் சரத்திலிருந்து உருவிக்கொண்டிருந்தார். ஹிட்டி கடிதத்தை உரக்கப் படித்தாள்.

"'காற்றில் விழுந்து நீரில் கிடக்கும் மரம் வனத்தைச் சேர்ந்ததா, நீரைச் சேர்ந்ததா என்ற கேள்வி எழுந்திருப்பதால், அது லண்டனுக்கு அனுப்பப்பட்டுள்ளது.'" படித்துவிட்டுக் கடிதத்தை மடியில் வைத்தாள். "அடேயப்பா. நம்ம மரம் கடல் தாண்டிப் போயிருக்கு. நான் இன்னும் துறைமுகத்தையே பாத்ததில்ல."

"மரம் போகலடி. கேள்விதான் போயிருக்கு" என்றார் மாமியார் கெசையா.

"கப்பல் எப்ப அங்க போய்ச் சேரும் வாத்தியாரே?"

"காத்து நல்லா இருந்தா ஆறு வாரம்."

"திரும்பி வர?"

"எட்டு வாரம், பத்து வாரம்."

"பனி எப்ப உருகும்?"

மார்ச் கடைசியில். எல்லோருக்கும் தெரியும்.

"அந்த ராஜா நல்ல மனுஷன்னுதான் சொல்றாங்க" என்றார் மாமியார். "வருஷம் தவறாம ஒரு புள்ளையாம். வீட்டுல தொட்டில் ஆடிக்கிட்டே இருந்தா அவரு நம்ம மரத்த எங்க பாப்பாரு, பாவம்."

"அப்ப நாமளே வெட்டிக்கிட்டா அவருக்குத்தானே உதவி. ஒரு வேலை குறையும்" என்றாள் ஹிட்டி.

மாமா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அங்கிருந்து பார்த்தால் அணை தெரியும்.

அன்று மாலை கோல்பி வந்தார். ஊரில் சத்திரம் நடத்துபவர். செய்தித்தாள் அவரிடம்தான் வரும். படித்ததை எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொட்டினால்தான் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கும்.

"இன்னும் கடுதாசிதானா எனோக்கு? தூ. அந்தச் சட்டம் போட்டாங்களே, உன்னக் கேட்டாங்களா? என்னக் கேட்டாங்களா? நம்ம சார்பா ஒருத்தன் அங்க உக்காந்திருக்கானா?"

"கேட்டா நான் என்ன சொல்லப் போறேன் கோல்பி. 'ஐயா, மதகு மேல கிடக்கறத மட்டும் எடுத்துக்கறேன்'ம்பேன். 'சரி எடுத்துக்க'ன்னு சொல்லுவாங்க. நேர்ல பாத்துப் பேசினா எந்த மனுஷனும் வேண்டாம்னு சொல்லமாட்டான்."

"அதத்தான்யா நானும் சொல்றேன். எங்க போய் நேர்ல பாப்ப? நடுவுல மூவாயிரம் மைல் தண்ணி கிடக்கு."

"என் தண்ணி முந்நூறு அடிதான். எனக்கு அதுதான் கவலை."

கோல்பி என் பக்கம் திரும்பினார். "நீரு என்ன சொல்றீரு வாத்தியாரே? படிச்சவரு."

"இன்னொரு கடிதம் எழுதலாம்" என்றேன்.

ஹிட்டி ஆப்பிள் சரத்தால் என் தலையில் மெதுவாக அடித்தாள்.

மார்ச் வந்தது. பகலில் வெயில், இரவில் உறைபனி. மேப்பிள் மரங்களில் பதநீர் இறங்க ஆரம்பித்தது. மாமியாரும் ஹிட்டியும் கொட்டகைக்குப் பின்னால் பெரிய கொப்பரையில் அதைக் காய்ச்சினார்கள். நாற்பது வாளி காய்ச்சினால் ஒரு வாளி பாகு வரும். ஹிட்டியின் தலைமுடி, அவள் கழுத்து, என் சட்டை, வீடு எல்லாமே இனிப்புப் புகை அடித்தன. பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு கரண்டிப் பாகைப் பனிக்கட்டி மேல் ஊற்றித் தருவாள். அது இறுகி மிட்டாய் ஆகும். "மெல்லாதீங்க, சப்புங்க. பல்லு கையோட வந்துரும்" என்பாள்.

அணைக்குப் பின்னால் தேங்கிய குளத்தின் பனிக்கட்டி முனக ஆரம்பித்தது. மாமா காலையும் மாலையும் போய் அதன் மேல் காதை வைத்துப் படுப்பார். ஒருநாள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டே வந்தார்.

"மூணு நாள். அதுக்கு மேல தாங்காது. கட்டி ஒடைஞ்சு வந்து இந்த மரத்துல முட்டும். மதகு தொறக்காது. மரம், மதகு, அணை எல்லாத்தையும் பேத்துக்கிட்டுப் போயிரும். அப்புறம் எனக்கு அணை கட்ட இன்னொரு ஆயுசு வேணும்."

என் பக்கம் திரும்பினார்.

"மன்னிச்சுக்க வாத்தியாரே. நாளைக்கு வெட்டறேன்."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

மறுநாள் காலை மாமா கோடாலியைத் தீட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நொண்டிக் குதிரையில் வேறொரு மரத்துரை வந்து இறங்கினார்.

ஸ்டட்லி என்று பெயர். ஐம்பது வயது இருக்கும். மூக்கு சிவந்து ஒழுகியது. மேலங்கியின் முழங்கை தேய்ந்திருந்தது. இரும்பில் செய்த பெரிய அளவுகோல், நண்டுக் கொடுக்கு மாதிரி இருப்பது, சேணத்தில் தொங்கியது. நாங்கள் எதிர்பார்த்த மாதிரி ஒரு துரை இல்லை.

"மொதல்லயே சொல்லிர்றேன்" என்றார். "வழியில மூணு வீட்டுல திட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். ஒரு அம்மா கழுவுன தண்ணிய மேல ஊத்திட்டாங்க. நீங்களும் திட்டணும்னா இப்பவே திட்டிருங்க, கேட்டுட்டு வேலையப் பாக்கறேன்."

"நாங்க எதுக்குங்க திட்டறோம்" என்றார் மாமியார். "உள்ள வந்து சூடா ஏதாச்சும் குடிங்க."

"அளந்துட்டு வந்துர்றேம்மா. அளந்துட்டேன்னா அவரு வெட்டிக்கலாம். பாய்மரத்துக்கு ஆகாது, வளைஞ்சிருக்குன்னு எழுதிர்றேன். பாத்தாலே தெரியுது."

மாமாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். நான்கு மாதத்தில் முதல் தடவை. "பாத்தியா, நேர்ல பாத்துப் பேசினா" என்று என் விலாவில் இடித்தார். நான் நிம்மதியாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அதன் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

ஸ்டட்லி அடிமரத்தை அளந்தார். கரையோரம் என்பதால் எளிது. நடுமரத்தையும் அளக்க வேண்டும். அது கரையிலிருந்து தள்ளி, மதகை ஒட்டிய பனிக்கட்டியில் பாதி புதைந்து கிடந்தது.

"போகாதீங்க. கட்டி உளுத்துப் போச்சு" என்று மாமா தடுத்தார். "நான் பதினெட்டு வருஷமாப் பாக்கற மரம். நடுவுல முப்பத்திரண்டு அங்குலம். எழுதிக்கங்க."

"எழுதிக்கலாங்க. ஆனா பைபிள் மேல கை வச்சு என் கையால அளந்தேன்னு சத்தியம் பண்ணணும்."

மாமா கையை எடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் சத்தியம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. பொய்ச் சத்தியம் செய்யச் சொல்வதற்குப் பதில் தண்ணீரில் இறங்கச் சொல்வதுதான் அவருக்குச் சரியாகப் பட்டது. அந்த மனிதருக்கும் அப்படித்தான் பட்டது.

ஸ்டட்லி மரத்தின் மேல் ஏறி நடந்தார். நடுவில் குனிந்து அளவுகோலை மாட்டினார். "முப்பத்தொண்ணே முக்கால்!" என்று கத்தினார். நிமிரும்போது பட்டை கழன்று வழுக்கியது. பனிக்கட்டி அவரைத் தாங்கவில்லை.

ஹிட்டி மதகின் பக்கம் கொக்கிக் கழியால் கட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள்தான் கிட்டத்தில் இருந்தாள். கழியை நீட்டினாள். எட்டவில்லை. இறங்கினாள். நெஞ்சளவு தண்ணீர். கொக்கி அவருடைய மேலங்கியில் மாட்டியது. இழுத்துக்கொண்டே பின்னால் நடந்தாள். மாமா வந்து இருவரையும் கரையேற்றினார்.

என்னைக் கூப்பிட ஆள் வந்தது. ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சமையலறையில் ஸ்டட்லி நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மாமாவின் மாற்றுச் சட்டை துவைக்கப் போட்டிருந்ததால் மாமியாரின் கம்பளிக் கவுனைப் போட்டுவிட்டிருந்தார்கள். நீல நிறம், கழுத்தில் சுருக்கம் வைத்தது. அவருடைய துணிகளெல்லாம் கொடியில் ஆவிவிட்டன. ஹிட்டி உடை மாற்றிக்கொண்டு தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பற்கள் அடித்துக்கொண்டன. சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"வாங்க வாத்தியாரே. அத்தை ஒருத்தங்க வந்திருக்காங்க பாருங்க. தாடி மட்டும் கொஞ்சம் மழிக்கணும்."

"ஹிட்டி!" என்றார் மாமியார்.

"சொல்லட்டும்மா" என்றார் ஸ்டட்லி. "எனக்கு நாலு பொண்ணுங்க. இதெல்லாம் பழக்கந்தான். அவங்க பாத்தா இன்னும் நல்லாச் சிரிப்பாங்க." பிறகு அவர் முகம் விழுந்துவிட்டது. "அளவு புஸ்தகம் தண்ணியோட போயிருச்சுங்க. கோலும் போச்சு. அத வச்சுத்தான் நான் அனுமதிச் சீட்டு எழுதணும். இப்ப திரும்பப் போய் வேற புஸ்தகம் வாங்கிட்டு வந்து..."

அவர் முடிக்கவில்லை. வெளியே கோடாலிச் சத்தம் கேட்டது. முதல் வெட்டு. இரண்டாவது. மாமா காத்திருக்கவில்லை.

சமையலறையில் ஒருவரும் அசையவில்லை. சத்தம் நிதானமாக வந்துகொண்டிருந்தது.

"மரங்கொத்தி" என்றார் மாமியார், மொச்சைப் பானையைத் திறந்தபடி. "மார்ச்சு வந்துட்டா இதுங்க தொல்லை தாங்க முடியறதில்ல."

ஸ்டட்லி தட்டை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் சாப்பிட்டார். சத்தத்தைக் கேட்டார்.

"பெரிய மரங்கொத்தி போலம்மா."

"ஆமாங்க. இந்தப் பக்கத்துல பெருசாத்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் கறி வைக்கவா?"

"வைங்க" என்றார்.

சாயங்காலத்துக்குள் மூன்று துண்டு. எருதுகளைப் பூட்டிக் கரையேற்றினோம். மதகுக் கதவு திறந்தது. மறுநாள் மதியம் பனிக்கட்டி உடைந்து வந்தது. மாமா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கட்டிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து போயின. அணை நின்றது. அதற்கு மறுநாள் ரம்பம் ஓட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் வீட்டுத் தட்டுகள் கிணுகிணுக்கும். மாமியாருக்கு அது பிடிக்கும்.

ஸ்டட்லி இருமிக்கொண்டு மூன்று நாள் எங்கள் வீட்டில் கிடந்தார். பாதை முழுக்கச் சேறு, குதிரையும் நொண்டி. ஹிட்டிக்கு முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் விலாவில் குத்துகிறது என்றாள். மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. மாமியார் வெங்காயத்தை வதக்கி நெஞ்சில் வைத்துக் கட்டினார். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில், கணப்பின் சூடு வரும் இடத்தில், படுக்கையைப் போட்டோம். நான்காம் நாள் காலை ஸ்டட்லி கிளம்பினார். அதன் பிறகு ஹிட்டி பேசவில்லை. மூச்சு விடுவதற்கே அவளுக்கு நேரம் சரியாக இருந்தது. ஏழாம் நாள் அதையும் நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு இருபத்து நான்கு வயது.

பெட்டியை மாமா செய்தார். அந்த மரத்தைத்தான் அறுத்தார். மூடி ஒரே பலகை. அந்த அகலத்தில் ஒரு பலகை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். எல்லோரும் பலகையை ஒடுக்கி அறுத்து ஒட்டுப் போட்டுத்தான் பிழைக்கிறோம். மாமா ஒடுக்கவில்லை. ஒரு நாள் ஆலை நின்றது. அடுத்த நாள் ஓடியது. தண்ணீர் ஆறு வாரம்தான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு காகிதம் வந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் ராஜாவின் மரம் வெட்டப்பட்டிருக்கிறது. அபராதம் தனியாகத் தெரிவிக்கப்படும். அந்த மரத்திலிருந்து எடுக்கப்பட்ட துண்டுகள், பலகைகள் அனைத்தையும் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும். கூடவே ஸ்டட்லி தன் கையால் எழுதிய ஒரு சின்னச் சீட்டு. மரம் வெட்டப்பட்டதா என்று சத்தியத்தின் மேல் கேட்டார்கள், என்னால் பொய் சொல்ல முடியவில்லை, அந்தப் பெண் தேறிவிட்டாளா என்று எழுதியிருந்தார்.

நான் இரண்டையும் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் அரத்தால் ரம்பப் பல்லைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாப் பலகையுமா?"

"அப்படித்தான் போட்டிருக்கு மாமா."

கொஞ்ச நேரம் தீட்டினார்.

"அப்ப எழுதிக் கேளு வாத்தியாரே. மூடியும் வேணுமான்னு கேளு. மரியாதையாவே கேளு."

மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். காகிதம் எடுத்தேன். மை தொட்டேன். பேனா காய்ந்தது. மறுபடி தொட்டேன். அன்று முழுக்க உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதாமல் விட்ட முதல் கடிதம் அது. ஸ்டட்லிக்கும் பதில் போடவில்லை. அது தப்பு. அவருக்கு நான்கு பெண்கள். அவருடைய கேள்வி நல்ல கேள்வி.

யாரும் பலகை கேட்டு வரவில்லை. வந்தால் விடக்கூடாது என்று கோல்பியும் இருபது ஆண்களும் அடையாளம் தெரியாமலிருக்க முகத்தில் கரி பூசிக்கொண்டு இரண்டு வாரம் பாதையைக் காத்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் அவர்கள் கரியைக் கழுவிய பிறகும் பழைய ஆட்களாக ஆகவில்லை. மாமாவும் ஆகவில்லை. நேரில் பார்த்துப் பேசினால் என்று அவர் சொல்லி நான் பிறகு கேட்டதில்லை.

கோல்பி அவளைப் பற்றி ஒரு துண்டுத்தாள் அச்சடித்தார். அவர் நல்லவர். அழுதுகொண்டேதான் எழுதினார். அதில் ஹிட்டி கழியை ஓங்கிக்கொண்டு ராஜாவின் ஆளை விரட்டுகிறாள். சாகும்போது எழுந்து உட்கார்ந்து, கடவுள் நட்ட மரத்தில் குறி போட நீ யார் என்று கேட்டுவிட்டு விழுகிறாள். அந்தத் தாள் ஏழெட்டு ஊர்களுக்குப் போனது. அதைப் படித்தவர்கள் தேநீரை நிறுத்தினார்கள், சீமைத் துணியை நிறுத்தினார்கள். இந்த வசந்தத்தில் சிலர் ராஜாவின் படையை எதிர்க்கத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தெற்கே போனார்கள். மாமியார் அதைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். அவளுடைய படுக்கைப் பக்கத்திலேயே இருந்தவர் அவர். "இது நடக்கலையே அத்தை" என்று ஒரு தடவை சொன்னேன். "அப்படி அவ சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பா. வாய் அந்த மாதிரி" என்றார். சொல்லிவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி கூழ் வைத்தார்.

ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் ராஜாவுக்கு எதிரான ஒரு தாளில் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். கையெழுத்துக்கு மேலே காரணங்களை எழுதியவன் நான்தான். வரி, சபை, உரிமை எல்லாம் ஒழுங்காக எழுதினேன். கோல்பி அதைப் படித்துவிட்டு, அவ கடைசியாச் சொன்னதையும் ஒரு வரி சேத்து எழுதுமேன் என்றார். சேர்க்கவில்லை. அவர் கேட்கும் வரி என்னிடம் இல்லை.

ஸ்டட்லி கிளம்பிய அந்த நாலாம் நாள் காலை நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறையில் அவர் தன் சொந்த உடைகளைப் போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலி நகர்ந்தது, பூட்ஸை இழுக்கும் சத்தம் கேட்டது. ஹிட்டி கண்ணைத் திறந்தாள். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினாள்.

"வாத்தியாரே, அவரோட காலுறை காஞ்சிருச்சான்னு தொட்டுப் பாருங்க. காயலன்னா அப்பாவோடதக் குடுங்க. ஈரத்தோட மாட்டிக்கிட்டுப் போயிருவாரு."